தண்ணீர்த் தட்டு இல்லாத ஸ்மோக்கரில் சூட்டை ஒரே அளவில் நிறுத்துவது

குடியாத்தத்திலிருந்து டெக்சாஸ் வந்த கையோடு கரி ஸ்மோக்கர் (கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கிற மூடிய அடுப்பு) வாங்கிவிட்டு, கங்குக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தட்டை எடுத்தால் சூடு எகிறுகிறது, கறி அடியில் கருகுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. நான் ஆற்காட்டுக்காரன், இங்கே வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, அந்தத் தட்டை எப்போதோ ஓரம் கட்டிவிட்டேன். கொழுப்பு மிதக்கிற தண்ணீரை ராத்திரியில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது, மிச்சச் சூட்டை ஆவியாகவே தீர்த்துவிடும். அதை எடுத்துவிட்டால் கங்குக்கும் கறிக்கும் நடுவில் தடுப்பே இல்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற சுட்ட மண்தட்டை அந்த இடத்தில் வையுங்கள், சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டால் கொழுப்பு சொட்டினாலும் தாளை மட்டும் உருவிப் போடலாம். தட்டில் ஈரம் இருந்தால் விரிசல் விடும். துத்தநாகம் பூசிய தகரத் தட்டு கூடவே கூடாது.

ஆனால் மண்தட்டு சூட்டைப் பிடித்து வைக்குமே தவிர குறைக்காது, குறைப்பது காற்றுதான். பற்றாத கரியைக் கொட்டி, நடுவில் குழி பண்ணி, நன்றாகப் பற்றிய கரி பத்துப் பன்னிரண்டு துண்டு மட்டும் போடுங்கள். மேல் துவாரம் முழுசாகத் திறந்தே இருக்கட்டும். ஃபாரன்ஹீட்டில் 200-ஐத் தொடும்போதே கீழ்த் துவாரங்களை மூட ஆரம்பித்து, கடைசியில் ஒன்றை மட்டும் கால்வாசி விட்டுப் பாருங்கள், 225-க்கும் 250-க்கும் நடுவில் நிற்கும். 300 தாண்டிய பிறகு மூடினால் லேசில் இறங்காது, மண்தட்டும் சேர்ந்து காய்ந்திருக்கும் இல்லையா. ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்குத் தம் போடுகிறவர் அடிபிடித்த பிறகா அடுப்பிலிருந்து கட்டையை இழுக்கிறார்?

துவாரத்தை மூடியும் அடங்கவில்லை என்றால் கதவு இடுக்கில் காற்று போகிறது. புகை கசிகிற இடத்தில் சூடு தாங்கும் கேஸ்கட் டேப் ஒட்டுங்கள்.

கோழிக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம், 300-க்கு மேலேயே விடுங்கள், இல்லாவிட்டால் தோல் ரப்பராகிவிடும். உள்ளே 165 வந்ததா என்று தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். அப்புறம், மழை என்று கேரேஜுக்குள் மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கரி விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.