டமாக்ஸிஃபென் எடுக்கும்போது உதிரப்போக்கு

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் என் அக்கா (58) தினமும் டமாக்ஸிஃபென் 20 மி.கி. சாப்பிடுகிறார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான அவருக்கு இப்போது லேசாக உதிரம் படுகிறது. மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் இந்த வாரமே ஸ்டான்லி மருத்துவமனையிலோ வேறெங்கோ மகளிர் நோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மார்பகச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும் இதே மருந்து, கருப்பையின் உட்சவ்வில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்வதால், அச்சவ்வு தடித்து, அரிதாகப் புற்றாகவும் மாறக்கூடும். ஸ்கேனும், தேவையெனில் திசுப் பரிசோதனையும் செய்வார்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமே தெரியவரும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அது இந்த மருந்தால் வரக்கூடிய ரத்த உறைவாக இருக்கலாம் என்பதால், அன்றே செல்லுங்கள். மாற்றாக லெட்ரோசோல் உண்டு. அது கருப்பையைத் தூண்டாது, எலும்பைத்தான் மெலியவைக்கும். எது பொருந்தும் என்பதைப் புற்றுநோய் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.