வட்டிக் கணக்கை விளக்கும் கற்பனை உதாரணம் எங்கே பிசகுகிறது?

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்காகக் கடன் வட்டி பற்றித் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். 'கமலாவுக்கு மூன்று பிள்ளைகள், கணவர் வேளாண்மை செய்கிறார், 87,500 ரூபாயை 14 மாதத்துக்குக் கடன் எடுக்கிறார்' என்று உதாரணம் வைத்தேன். வாசித்தவர்கள் கமலாவின் குடும்பத்தைப் பற்றியே பேசினார்கள். வட்டி விளங்கவில்லை. எப்படித் திருத்துவது?

பதில்: முதலில் குடும்பத்தை எடுத்துவிடுங்கள். கற்பனை உதாரணத்தில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு விவரமும் கணக்குக்கு வேண்டியதென்றே வாசிப்பவர் நினைப்பார். 'வேளாண்மை' என்றதும், நெல் வெட்டு முடியும்வரை மாதத் தவணைக்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அதற்குத் தனிப் பிரசுரம் வேண்டும். இங்கே நாளாந்தம் காசு புழங்கும் தயிர் வியாபாரத்தைக் கொடுங்கள்.

அடுத்து, ஒருவருக்குப் பதில் இருவரை வையுங்கள். ராணியும் அவளுடைய மச்சாள் வசந்தியும் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே தொகை, 1,00,000 ரூபாய். ஒரே காலம், 10 மாதம். ஒரே வட்டி, மாதம் நூற்றுக்கு 2. மாதாமாதம் முதலுக்கு (எடுத்த கடனுக்கு) 10,000 கட்டுகிறார்கள், வட்டி அதற்கு மேல். வித்தியாசம் ஒன்றே ஒன்று: ராணிக்கு எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி, வசந்திக்கு மிச்சமுள்ள முதலுக்கு மட்டும். இரண்டு விஷயம் சேர்ந்து மாறினால், எதனால் கூடியது என்று யாருக்கும் பிடிபடாது. 87,500 போன்ற தொகை வேண்டாம். மனக்கணக்கில் வராத எண்ணில் வாசிப்பவர் கணக்கை விட்டுவிட்டு உங்களை நம்பத் தொடங்குவார். நம்புவது வேறு, விளங்குவது வேறு.

மொத்தத்தைச் சொல்ல அவசரப்படாதீர்கள். பத்தாம் மாதத்தில் நின்று காட்டுங்கள். இருவரும் 90,000 கட்டிவிட்டார்கள், மிச்சம் 10,000. வசந்திக்கு அந்த மாத வட்டி 200 ரூபாய். ராணிக்கு அப்போதும் 2,000. மிச்சக் கடனோடு பார்த்தால் அது நூற்றுக்கு 20! பிரசுரத்தின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது, பெரிய எழுத்தில் போடுங்கள். பிறகு மொத்த வட்டி: ராணி 20,000, வசந்தி 11,000.

உதாரணம் உண்மையிலிருந்து எங்கே விலகுகிறது என்பதையும் அதன் கீழேயே எழுதிவிட வேண்டும். வசந்திக்குப் போல மிச்சமுள்ள முதலுக்கு மட்டும் வட்டி போடும் 'குறைந்து செல்லும் மீதி' முறையிலும், பெரும்பாலும் முதலும் வட்டியும் சேர்த்து மாதாமாதம் ஒரே தொகையாக, சம தவணையாகத்தான் வாங்குவார்கள். அப்போது வசந்தியின் தவணை சுமார் 11,133 ரூபாய், மொத்த வட்டி சுமார் 11,327. ஆவணச் செலவு, காப்புறுதி என்று பிடித்தால் அவை வேறு. இதை மறைத்தால், கடன் பத்திரத்தில் வேறு எண்ணைக் காணும் பெண் உங்கள் பிரசுரம் பிழை என்றே முடிவு கட்டுவாள்.

அச்சடிக்க முன் சங்கத்தில் நாலைந்து பேரிடம் கொடுங்கள். 'விளங்கியதா?' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'ஆறாம் மாதம் இருவருக்கும் வட்டி எவ்வளவு?' என்று கேளுங்கள். 2,000, 1,000 என்று பதில் வந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.