உளி பிடித்தால் பட்டறை நடத்திவிட முடியுமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா,

மகன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான், இன்ஜினீயரிங் வேண்டாம், மாமல்லபுரத்தில் சிற்பம் படித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைப்பேன், கோபுரம், மண்டபம், வீட்டு முகப்பு என்று வேலை எடுப்பேன் என்கிறான். நாங்களோ மளிகைக் கடைக் குடும்பம், எங்கள் வம்சத்தில் யாரும் உளியைத் தொட்டதில்லை, இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அவன் நினைக்கிற வரிசையில் போடாது. சிற்பியாவது ஒரு தொழில், சிற்பப் பட்டறை நடத்துவது இன்னொரு தொழில். முதலாவதற்குக் கல்லூரி இருக்கிறது. இரண்டாவதை இன்னொருவர் பட்டறையில் சம்பளத்துக்கு நின்றுதான் கற்க முடியும்.

முதலில் கல்லூரி. மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி இங்கே நெடுங்காலம் முதல்வராக இருந்தவர். இப்போது இரண்டு வகைப் பட்டம் தருகிறார்கள், இரண்டும் நான்கு ஆண்டு. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். ஒன்று. கல், சுதை (சுண்ணாம்பு அல்லது சிமென்ட் சாந்து), உலோகம், மரம் எனப் பிரிவு பிரிவாகச் சிற்பமும், மரபு ஓவியமும் படிக்கிற பி.எஃப்.ஏ. மற்றொன்று. இன்ஜினீயரிங் கலந்தாய்வு வழியாக இங்கே இடம் கிடைக்காது. கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூவில் என்ன பாடம் இருக்க வேண்டும் என்பதை இந்த ஆண்டு விண்ணப்பக் குறிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த பி.டெக். பட்டம், ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பி.ஆர்க். படிப்புக்குச் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஆர்க்கிடெக்ட்' என்று பலகை மாட்ட 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு வேண்டும், அது வேறு பாதை. உங்கள் மகன் கேட்பது சிற்பம் என்பதால் பி.எஃப்.ஏ. பக்கம்தான் என் கை நீளும்.

கல்லூரி தருவது கைப்பழக்கத்தை விட அளவுப் பழக்கம். உத்தம தச தாளம் என்கிற சிலை அளவு முறையில் உருவத்தின் உயரம் 124 பங்கு. முகம், கழுத்து, மார்பு, தொடை ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து பங்கு பிரிப்பார்கள். கட்டடத்துக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. அதிஷ்டானம் என்கிற அடித்தளத்துக்கு மேல் கால், அதாவது தூணும் சுவரும். காலுக்கு மேல் பிரஸ்தரம் என்கிற கூரை வரிசை, அந்தப் பிரஸ்தரத்தில் கபோதம் என்கிற வளைந்த கூரை விளிம்பு, கபோதத்தில் கூடு என்கிற லாட வளைவு அலங்காரம், அதற்கு மேல் யாளி என்கிற சிங்கமுகக் கற்பனை விலங்கின் வரி. எது எங்கே உட்கார வேண்டும் என்பது தெரியாமல் அழகான யாளி செய்கிறவர் நல்ல கைவினைஞர், அவ்வளவுதான். கட்டடச் சிற்பிக்கு அந்த இடமும் அளவும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இந்த அறிவுதான் பின்னாளில் அவனை மெஷினிலிருந்து காப்பாற்றும். கணினி சொல்வதைக் கேட்டு வெட்டுகிற சி.என்.சி. இயந்திரம் கல்லில் பூவேலையைக் கடகடவென்று வெட்டிக் கொடுத்துவிடுகிறது. எந்தப் பூ, எத்தனை அங்குலம், எந்த வரியில் என்று அதற்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சரி, வம்சக் கேள்விக்கு வருவோம். கல்லூரியில் யாரும் குலம் கேட்டு இடம் தருவதில்லை. வெளியே வந்த பிறகு நிலைமை இரண்டு மாதிரி. கருவறை மூர்த்தி, மூலஸ்தானத் திருப்பணி போன்ற வேலைகள் இன்னும் பெரும்பாலும் பரம்பரை ஸ்தபதி (கோயில் கட்டும் தலைமைச் சிற்பி) குடும்பங்களின் அறிமுகத்தில்தான் நகர்கின்றன. நான் இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் உங்கள் மகன் சொல்கிற அலங்காரப் பட்டறைக்கு, அதாவது முகப்பு, தூண், வளைவு, ஹோட்டல் வரவேற்பறைச் சுவர், கல்யாண மண்டப வாசல் ஆகியவற்றுக்கு, யார் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை. சாம்பிள் பீஸ் எங்கே, எப்போது முடியும், என்ன விலை என்றுதான் கேட்பார்கள்.

எந்தப் பொருளில் வேலை செய்வது என்பதில்தான் நிறையப் பேர் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள். மாமல்லபுரம் என்றாலே கல் என்று நினைப்பு. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. ஐந்தடிச் சிலைக்கு 15 கன அடிப் பாறை என்று வைத்தால் ஒரு டன்னுக்கு மேல். அதைப் புரட்ட, ஏற்ற, இறக்க, சாலையோரத்தில் இடம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் பணம். பாதி வேலையில் உள்ளே ஒரு கீறல் தெரிந்தால் அதுவரை கொடுத்த கூலி போச்சு. முதல் பட்டறையைக் கல்லில் தொடங்குவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சரிவரும்.

சுதை அப்படி இல்லை. பொருள் மலிவு, கைதான் முதல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்பது வழக்கம் என்பதால் கோபுரத்துப் பொம்மைகளுக்குப் பழுதுபார்ப்பு வேலை வந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூர், மலேசியக் கோயில்களுக்கும் இங்கிருந்துதான் சிற்பிகளை அழைக்கிறார்கள். அப்புறம் சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீடுகளின் முகப்புச் சுதை, சேப்பாக்கம் ஹுமாயூன் மகால் மாதிரியான பழைய கட்டடங்கள் போன்றவற்றைப் புதுப்பிக்கும்போது சிமென்ட் ஆகாது, சுண்ணாம்புக் கலவைதான் வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைப் பதப்படுத்தி, அதில் இலையும் கொடியும் எழுப்பத் தெரிந்த கைகள் குறைவு. என்னைக் கேட்டால் உங்கள் மகன் இந்தப் பக்கம் போகட்டும்.

மூன்றாவது வகை அச்சு வேலை. களிமண்ணில் ஒரு மூலம் செய்து, ரப்பர் அச்சு எடுத்து, ஃபைபரிலோ கண்ணாடி இழை கலந்த ஜி.ஆர்.சி. கான்கிரீட்டிலோ வார்ப்பது. பெரிய கட்டட முகப்புகளில் இதற்கு வேலை இருக்கிறது, எடையும் குறைவு. மரபுச் சிற்பிகள் சிலர் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். பேசட்டும். களிமண் மூலம் சரியாக இல்லாவிட்டால் நூறு பிரதியும் கோணலாகத்தான் வரும். அந்த மூலத்தைச் செய்வதும் சிற்பிதான்.

இப்போது பணம். இங்கே உங்கள் மகனை விட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மண்டப வாசல் வேலை ஒன்றை நான்கு லட்சத்துக்கு ஒப்புக்கொள்கிறான். நான்கு ஆட்கள், 40 நாள், ஆளுக்கு 1,200 ரூபாய் கூலி என்றால் 1,92,000. பொருள், அச்சு, வண்டி, சாரம் எல்லாம் சேர்த்து 1,10,000 என்று வையுங்கள். 98,000 மிச்சம் போலத் தெரியும். கட்டடக்காரர் சுவரை முடிக்காமல் ஆட்களை 25 நாள் சும்மா உட்கார வைத்தால்? வெளியூர் ஆட்கள், திருப்பி அனுப்பினால் மறுபடி வரமாட்டார்கள். கூலி மட்டும் 1,20,000 கூடுகிறது. லாபம் போய்க் கைக்காசு 22,000 இறங்கிவிட்டது. கடைசித் தவணைப் பணமும் கிரகப்பிரவேசம் முடிந்தபின் 'பார்க்கலாம்' ஆகிவிடும். நன்றாகச் செதுக்கத் தெரிந்தவர்கள் பட்டறையை மூடுவது பெரும்பாலும் இப்படித்தான். வரைபடத்தில் கையெழுத்து, சாம்பிளுக்கு ஒப்புதல், அட்வான்ஸ், வேலை நிற்கும் நாளுக்குத் தனிக் கூலி, சாரம் பிரிப்பதற்கு முன் பாக்கி வசூல் ஆகியவற்றை எழுதி வாங்கும் பழக்கம் வேண்டும். கடன் நோட்டு வைத்து வியாபாரம் செய்த உங்களுக்கு இது புரியும். கல்லூரி விடுமுறைகளில் அவனைக் கல்லாவில் உட்கார வையுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆகவே படிப்பு முடிந்ததும் பட்டறை வேண்டாம். நான்கைந்து வருடம் வேலை பார்க்கட்டும். அதிலும் ஒரு வருடமாவது செதுக்குகிற இடத்தில் இல்லாமல், ஆர்க்கிடெக்டோடு பேசி வரைபடம் போடுகிற, விலை கேட்டு எழுதுகிற மேஜையில் இருக்கட்டும். கணினியில் வரைபடம் போடுகிற ஆட்டோகேட் மென்பொருள் கட்டாயம். அறநிலையத் துறையில் ஸ்தபதி பணியிடங்கள் இருக்கின்றன, மிகக் குறைவு. அதை நம்பி உட்காரக் கூடாது.

கடன் உதவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்துக்குக் குறைந்தபட்ச வயது 35 என்பதால் இப்போதைக்கு அவனுக்குப் பயன்படாது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, ஆனால் திட்ட மதிப்பு குறைந்தது 10 லட்சமாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிதாகத் தொடங்க நான் சொல்லமாட்டேன். நேரம் வரும்போது மாவட்டத் தொழில் மையத்தில் அப்போதைய விதிகளைக் கேளுங்கள்.

அம்மா தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள், தூசி உடம்புக்கு ஆகாதே என்று. அவர்கள் பயம் நியாயமானது. கருங்கல்லில் குவார்ட்ஸ் என்கிற சிலிக்கா கனிமம் இருக்கிறது. கிரைண்டர் வைத்து உலர்வாக அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பே இல்லை. தண்ணீர் விட்டு அறுக்கும் பழக்கமும் சரியான முகமூடியும் இருக்கிற பட்டறையில்தான் அவன் வேலைக்குச் சேர வேண்டும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சரி.

பரீட்சை முடிந்ததும் இருவரும் மாமல்லபுரம் போய் வாருங்கள். கடற்கரைக் கோயிலை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சாலையோரச் சிற்பக் கூடங்களில் நாலைந்தில் ஏறி இறங்குங்கள். கல்லில் ஒன்று, சுதையில் ஒன்று, ஃபைபரில் ஒன்றாவது இருக்கட்டும். தம்பியைத் தன் வரைபட நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அவன் சிற்பிகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முதலாளியிடம் போய், போன வருடம் பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். வியாபாரி வியாபாரியிடம் கேட்டால் பதில் சொல்வார்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்று அப்போது முடிவு செய்வோம்.