இரண்டாம் மாடிக்கு ஏறுமா பீரோ?

கேள்வி: "அண்ணாச்சி, நாங்கள் அம்பாசமுத்திரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டை தியாகராஜ நகரில் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறோம். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஐப்பசியில் நாள் பார்த்திருக்கிறது. இரண்டு இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், ஃபிரிட்ஜ், முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், ஒன்றரை டன் ஏசி, டிவி, இன்வெர்ட்டர், கிரைண்டர், பித்தளை வெண்கலப் பாத்திரங்கள், ஏராளமாகப் புத்தகங்கள். பேக்கர்ஸ் மூவர்ஸ்காரர் 24,000 ரூபாய் கேட்கிறார். ஏசி கழற்றி மாட்டுவது தனி. என் வீட்டுக்காரரோ, '35 கிலோமீட்டருக்கு இது எதுக்கு, குட்டி யானை பிடிச்சு நாலு நடை அடிச்சா முடிஞ்சுது' என்கிறார். அத்தை தன் ஆட்டுரலை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார். மூவர்ஸ்காரர் சாமான் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டு பேருமே அந்தப் படிக்கட்டைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. லாரி புக்கிங் தொழிலில் 22 வருஷம் இருந்தவன் சொல்கிறேன், வீட்டுச் சாமான் ரோட்டில் உடைவது குறைவு. வாசல் நிலையிலும் மாடித் திருப்பத்திலும்தான் அதிகம் அடிபடும். ஒழுங்காக அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிவிட்டால், பீரோ பாளைக்கு வந்தாலும் பெங்களூருக்குப் போனாலும் ஒரே மாதிரிதான் நிற்கும். அதை மாடித் திருப்பத்தில் நாலு பேர் தூக்கித் திருப்புகிற ஐந்து நிமிஷம்தான் கண்டம்.

அதனால் யாரிடமும் கூலி பேசுவதற்கு முன்னால், டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். படியின் அகலம், திருப்பத்தில் இருக்கும் தளத்தின் நீள அகலம், தலைக்கு மேல் எவ்வளவு உயரம், வீட்டு நிலையின் அகலம், படுக்கையறை நிலையின் அகலம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருக்கும். படி மூன்றடிக்குள் இருந்து திருப்பமும் குறுகலாக இருந்தால், பீரோவைச் சாய்த்துக் கொண்டுபோக முடியாது. நிமிர்த்தித்தான் திருப்ப வேண்டும். அப்போது மேல்தளம் தலையில் இடிக்கும். அந்த நேரத்தில் லோடுமேன், "அண்ணாச்சி, இது ஏறாது, கயிறு கட்டி பால்கனி வழியா இழுத்துருவோம்" என்பார். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கீழே நிற்பவர் தலைக்கு மேல் அத்தனை எடையைக் கயிற்றில் தொங்கவிடுகிற காரியம் அது. பீரோவின் கதவுகளையும் உள்தட்டுகளையும் முந்தின நாளே கழற்றிவிட்டால் எடையும் குறையும், பிடிக்க விளிம்பும் கிடைக்கும். அப்படியும் ஏறாது என்று டேப் சொன்னால், அந்த பீரோ அம்பை வீட்டிலேயே இருக்கட்டும். சொந்த வீடு கைவசம் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி.

இப்போது குட்டி யானைக்கு வருகிறேன். டாடா ஏஸின் பின்தளம் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடி அகலம். தாங்கும் எடை முக்கால் டன் அளவு. இரண்டு பீரோவும் கட்டில் சட்டங்களும் ஏறினாலே அது நிறைந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறபடி நாலு நடை என்றால், போக வர ஒரு நடைக்கு 70 கிலோமீட்டர், மொத்தம் 280. சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக ஒரு நாளில் நாலு தரம் போய்வந்து, நாலு தரம் ஏற்றி இறக்கினால் இருட்டிவிடும். கடைசி நடையில் ஆட்கள் களைத்திருப்பார்கள். களைத்த கைதான் நழுவவிடும். 14 அடி லாரி ஒன்றை எடுத்து ஒரே நடையில் முடியுங்கள். உங்கள் தெருவுக்குள் அது நுழைந்து திரும்புமா என்பதை மட்டும் டிரைவரை நேரில் வரச்சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை உங்கள் பக்கத்து விலையில் போட்டுப் பார்க்கிறேன். லாரி 6,500. லோடுமேன் ஆறு பேர், தலைக்கு ஆயிரம் என்றால் 6,000. ஏசி மெக்கானிக் 3,000. அட்டைப்பெட்டி, கயிறு, டேப், தார்ப்பாய் 1,500. சாப்பாடு, டீ, வடை 1,000. ஆக 18,000. மூவர்ஸ்காரருக்கு ஏசியும் சேர்த்தால் 27,000. வித்தியாசம் 9,000 ரூபாய். இந்த ஒன்பதாயிரத்துக்கு நீங்கள் வாங்குவது இரண்டு நாள் கட்டுகிற வேலையை. வீட்டில் கட்டுவதற்கு ஆள் இருந்தால் மிச்சம். இருவரும் வேலைக்குப் போய்விட்டு, வயதான அத்தை தனியாகப் பெட்டி கட்டும்படி ஆகுமானால் அந்த மிச்சம் வேண்டாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விஷயத்தில் வண்டியையும் ஆட்களையும் நீங்களே பிடியுங்கள். நாலு ஆள் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டாம் மாடிக்கு ஆறு பேர் வேண்டும், மூன்று பேர் மாறி மாறி மூச்சு வாங்க. காசை அட்டைப்பெட்டியில் போடுவதைவிட இன்னும் இரண்டு ஆளில் போடுவதுதான் சாமானைக் காப்பாற்றும். ஏசியை மட்டும் அதற்குரிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். குழாயில் இருக்கும் வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்த பிறகே கழற்ற வேண்டும். அது தெரியாதவர் கை வைத்தால் வாயு வீண், செப்புக் குழாயும் நெளிந்துபோகும்.

இதையே நீங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதாகக் கேட்டிருந்தால், மூவர்ஸையே பிடிக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே வேறொரு கண்டம் உண்டு. என் தங்கச்சி குடும்பம் கோயம்புத்தூருக்கு மாறியபோது, இங்கே ஏற்றிய லாரி வேறு, அங்கே வந்து நின்ற லாரி வேறு. நடுவழியில் எங்கேயோ இறக்கி, மற்றவர் சாமானோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். மழையில் மெத்தை முழுக்க நனைந்து, டிவி கண்ணாடி கீறியிருந்தது. பில்லைப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் 'சாமான் உரிமையாளர் பொறுப்பில்' என்று இருந்தது. இன்சூரன்ஸ் என்று காசு வாங்கியிருந்தார்கள். பாலிசி எங்கே என்றால் பதில் இல்லை. தொழிலில் இருந்த நானே ஏற்றுகிற அன்று பக்கத்தில் நின்று அந்தச் சீட்டை வாசிக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்.

அதனால் தூர ஊருக்கு அனுப்பும் மற்ற வாசகர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். போனிலேயே விலை சொல்பவரை விடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்து, பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருபவரிடம் பேசுங்கள். 'வாசலிலிருந்து வாசல்வரை ஒரே வண்டி' என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். மூவர்ஸ்காரர் தன் பில்லில் எழுதிக்கொள்ளும் சதவீதம் இன்சூரன்ஸ் ஆகாது. ரசீது போட்டுச் சரக்கு ஏற்றும் நிறுவனங்களுக்கு 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. சரக்கின் மதிப்பைக் கூடுதலாக அறிவித்து ஏற்றாவிட்டால், அவர்கள் பொறுப்பு வண்டி வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 6,000 என்றால் 60,000. அதனால் மதிப்பை எழுதிக் கொடுங்கள். சேதம் என்றால் புக் பண்ணிய நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்று. கர்நாடகாவுக்கோ கேரளாவுக்கோ போகும்போது 'பார்டரில் நுழைவு வரி கட்டணும்' என்று வழியில் போன் செய்து காசு கேட்பார்கள். நுழைவு வரி 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே அதனுள் போய்விட்டது. பழகிய வீட்டுச் சாமானுக்கு, சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் என்ற சீட்டும் தேவையில்லை. கொடுக்காதீர்கள்.

உள்ளூர் லாரியைத் தனியாகப் பிடிக்கும்போது இந்தச் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் உங்களுக்கு இருக்காது, ரசீதே இருக்காது என்பதால். அதற்கு ஈடாக உங்கள் ஆள் ஒருவர் கேபினில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும், இன்னொருவர் பைக்கில் பின்னால் வரட்டும். சாமான் மேல் யாரையும் உட்காரவைக்காதீர்கள். நகை, பத்திரம், சர்டிபிகேட், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே பையில், உங்கள் தோளில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தரைத்தள வீடுகளில் இருந்தவர்கள் பலர் என்னிடம் வருத்தப்பட்டது சாமானுக்காக அல்ல, நனைந்துபோன காகிதங்களுக்காக.

கட்டுவதைப் பற்றி. புத்தகத்துக்குப் பெரிய பெட்டி எடுத்தால் தூக்க முடியாது, அடியும் பிய்யும். மருந்துக் கடையில் கேட்டால் சின்ன, உறுதியான அட்டைப்பெட்டிகள் கிடைக்கும். ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். குத்துவிளக்கைத் திருகிக் கழற்றித் தண்டு, தட்டு, அடி என்று பிரித்துப் பழைய வேட்டியில் சுற்றுங்கள். வெண்கலம் பார்வைக்குத்தான் கெட்டி. உருளி கீழே விழுந்தால் விரிசல் விடும், பித்தளையைப் போல நெளிந்து தப்பாது. கண்ணாடித் தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள். பத்தமடைப் பாயை மடிக்காமல் சுருட்டுங்கள். மடித்த இடத்தில் கோரை முறியும். ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு இவற்றைத் துணிமணியோடு ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஃபிரிட்ஜை முந்தின இரவே நிறுத்தி, பனி உருகித் துடைத்து, நிமிர்ந்தபடியே கொண்டுபோங்கள். இறக்கியபின் நாலு மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கும்போது அதன் முதுகில் நீளமான போல்ட்டுகள் இருந்திருக்கும். அவற்றைத் திரும்ப முடுக்கினால்தான் உள்ளே டிரம் ஆடாது. தொலைந்துவிட்டால் கம்பெனி மெக்கானிக்கைக் கேளுங்கள். டிவியை ஒருபோதும் படுக்கவைக்காதீர்கள். கிரைண்டரில் கல்லைத் தனியாக எடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே ஆசிட். இரண்டு பேர் நிமிர்த்தித் தூக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம். உங்கள் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச்சீட்டு வாங்கினால், பாளையில் புது ஏஜென்சியில் எடுத்துக்கொள்ளலாம்.

நாள் விஷயத்தில் ஒரு யோசனை. 'ஆனி அடி கோலாதே, கூனி குடி புகாதே' (கூனி என்றால் பங்குனி) என்று நம்மூரில் மாதம் பார்ப்பார்கள். ஆடியும் மார்கழியும்கூட ஆகாது என்பதால், அவை கழிந்ததும் எல்லாரும் ஒரே முகூர்த்தத்தில் வண்டி தேடுவார்கள். அன்று லோடுமேன் கிடைப்பது குதிரைக் கொம்பு. நல்ல நாளில் உப்பு, மஞ்சள், நிறைகுடத்தோடு போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டு வாருங்கள். சாமானை இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாதாரண செவ்வாய், புதன்கிழமையில் ஏற்றுங்கள். ஆளும் நிதானமாக வேலை பார்ப்பார்கள், கூலியும் பேச இடம் இருக்கும். ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால் வானம் வெளுத்த நாளாகப் பார்த்துக்கொள்ளவும் இது உதவும். மழை இல்லாவிட்டாலும் இரண்டு தார்ப்பாய் வண்டியில் இருக்க வேண்டும்: ஒன்று மேலே மூட, ஒன்று தளத்தில் விரிக்க.

காலை ஆறரைக்கு ஏற்றத் தொடங்குங்கள். பீரோவும் ஃபிரிட்ஜும் கேபினை ஒட்டி, பீரோவின் கண்ணாடிப் பக்கம் மெத்தையைப் பார்த்து. அன்று ராத்திரிக்கு வேண்டிய பாய், போர்வை, இரண்டு பாத்திரம், அத்தையின் மருந்து இருக்கும் பெட்டி கடைசியில் ஏறட்டும், முதலில் இறங்கும். பெட்டிகளுக்கு எண் போட்டு, எண்ணிக்கை சரியான பிறகு வாடகையைக் கொடுங்கள். ஆட்களை மதியம் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். பசித்த வயிற்றோடு யாரும் இரண்டாம் மாடி ஏறக் கூடாது.

அத்தையின் ஆட்டுரல். அதை விடச் சொல்லி அவர்களிடம் வற்புறுத்தாதீர்கள். ஆனால் இரண்டாம் மாடிக்கு அதை ஏற்றவும் வேண்டாம். பீரோவுக்காவது கதவைக் கழற்றலாம், கல்லில் எதைக் கழற்றுவது? வீட்டு உரிமையாளரிடம் மாடிப்படிக்கு அடியில் இரண்டடி இடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குழவியைச் சாக்கில் சுற்றி அத்தை கையோடு மேலே கொண்டுபோகட்டும், உரல் கீழே இருக்கட்டும். வண்டியில் ஏற்றும்போது அதைக் கடைசியில் வைக்காமல் கேபின் ஓரமாகத் தளத்திலேயே வைத்து, இரண்டு பக்கமும் அரிசி மூட்டையை அண்டக் கொடுத்துவிடுங்கள். உருண்டுவிட்டால் ஃபிரிட்ஜுக்கு ஆபத்து.