வாக்குத்தத்த அட்டையும் 8 வருடக் காத்திருப்பும்

கேள்வி: திருமணமாகி 8 வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், மலடியைப் பிள்ளைத்தாய்ச்சியாக்குகிறார் என்ற பைபிளின் 113ஆம் சங்கீத வசனம் வந்தது. பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்து ஜெபிக்கிறேன். பதில் இல்லை. "மறைவான பாவம் ஏதாவது இருக்கும்" என்கிறார்கள் சபையில். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்கிறார் மாமியார். இப்போது ஜெபிக்கவே மனம் வரவில்லை. எப்படிப் பொறுமையாக இருப்பது?
- ஒரு சகோதரி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்தப் பாவக் கதையை முடித்துவிடுவோம். லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியாவும் அவர் மனைவி எலிசபெத்தும் நீதியுள்ளவர்கள், குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று வருகிறது. இனி யாராவது ஆரம்பித்தால் அந்த இரண்டு வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்ததும் அவரிடம் பாவம் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அட்டை விஷயத்தில் உங்கள் போதகர் ஐயர் என்மேல் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. 113ஆம் சங்கீதம் கர்த்தர் எப்படிப்பட்டவர் என்று துதிக்கிற பாட்டு. தட்டில் கிடந்த அட்டைகளில் அது உங்கள் கைக்கு வந்ததால், அந்த வருடத்துக்குள் நடந்தாக வேண்டும் என்று தவணை குறித்ததாகிவிடாது. தலை வாரும்போதெல்லாம் அது குத்துகிறதா? கழற்றிப் பைபிளுக்குள் வைத்துவிடுங்கள். தப்பே இல்லை.

பொறுமை என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த முகமாய் இருப்பது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பைபிளில் பிள்ளையில்லாமல் தவித்த அன்னாள் அப்படி இருக்கவில்லையே! வருஷா வருஷம் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் கணவரின் இன்னொரு மனைவி பெனின்னாள் குத்திக்காட்டுவாள். இவள் சாப்பிடாமல் அழுவாள். கணவர் எல்க்கானாவோ, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் விஷயம் பிடிபடவில்லை. ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அவள் ஜெபித்ததைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் ஆசாரியன் ஏலி. அவள் பேசாமல் போய்விடவில்லை. "நான் குடிக்கவில்லை, என் இருதயத்தை ஊற்றினேன்" என்று பதில் சொன்னாள். சமாதானத்தோடே போ, நீ கேட்டதைக் கர்த்தர் கொடுப்பாராக என்று ஏலி ஆசீர்வதித்தார். என்ன கேட்டாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை. பிற்பாடு பிறந்த மகன் சாமுவேல் அப்போது வயிற்றில்கூட இல்லை. அழுது தீர்த்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கியதே, பொறுமை என்று நான் நினைப்பது அதைத்தான்.

ஆபிரகாம் பிள்ளைக்காக 25 வருடம் காத்திருந்தார் என்று யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். 75 வயதில் கர்த்தர் சொன்னபடி ஊரைவிட்டுக் கிளம்பியவருக்கு, 100 வயதில் மகன் ஈசாக்கு. நடுவில் 86 வயதில் வேலைக்காரி ஆகார் மூலம் இஸ்மவேல் பிறந்ததை மட்டும் விட்டுவிடுவார்கள். அவருக்கும் பொறுமை போயிற்று. கர்த்தர் அவரைக் கைவிடவில்லை.

உங்களுக்குக் குழந்தை நிச்சயம் என்று நான் எழுத மாட்டேன். அப்போஸ்தலன் பவுல் தன்னை வதைத்த ஒரு வேதனையை முள் என்கிறார், அதை நீக்கும்படி மூன்று தரம் கேட்டும் அந்த முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலோடு அவர் எத்தனை நாள் மல்லுக்கட்டினாரோ!

டாக்டர் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். எலிசபெத்தின் கதையை எழுதிய லூக்காவே வைத்தியர். ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் கணவன், மனைவி இருவரையும் பரிசோதிப்பதுதான் முறை. ஆண்களுக்கான விந்தணுப் பரிசோதனை எளிது, ஆரம்பத்திலேயே செய்துவிடலாம். உங்கள் கடிதத்தில் கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்று ஒரு வரியும் இல்லை. இருவரும் சேர்ந்தே போங்கள். மாமியாரிடம் பேச வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர்.

ஜெபிக்க மனம் வராத நாளில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று தாவீது நாலு தரம் கேட்கிறார். அதுவும் ஜெபம்தான். அதுகூட முடியாவிட்டால் கொஞ்ச நாள் இந்தக் காரியத்துக்காக உங்கள் அம்மாவோ நம்பிக்கையான ஒரு தோழியோ ஜெபிக்கட்டும். சொந்தத்தில் ஞானஸ்நான விருந்து வந்து, போக மனம் தாங்காது என்றால், குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக் கணவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள்.