இலகுவான செமி ஆட்டோ ஷாட்கன்: பறவை வேட்டைக்குப் புறப்படுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் பறவை வேட்டைக்கு எடை குறைந்த செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி) வாங்க நினைக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வாத்து வேட்டை இதில் வராது. புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் நடந்து, கிளப்பிவிட்டுச் சுடும் பறவைகள் மட்டும்: ஃபெசண்ட் (நீள வால் காட்டுக்கோழி), குரோஸ் (இன்னொரு காட்டுக்கோழி), காடை, சக்கர் (மலைக் கௌதாரி). ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேஜ் என்று வருவது குழலின் அளவு, எண் குறையக் குறைய குழல் பெரிது.

மினியாபொலிஸிலிருந்து: அண்ணா, கிளே (பறக்கவிடும் களிமண் தட்டு) சுட்டுப் பழகிய 8 பவுண்டு 12 கேஜையே போன வருஷம் தெற்கு டகோட்டாவுக்குக் கொண்டுபோனேன். மதியத்துக்கு மேல் கை விட்டுப்போச்சு. எத்தனை பவுண்டில் வாங்கலாம்? 5 பவுண்டில்கூடக் கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது தம்பி. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம்.

எடை நடைக்கு ஒரு கணக்கு, சுடுவதற்கு வேறு கணக்கு. இலேசான துப்பாக்கி சட்டென்று தோளுக்கு ஏறும், அதே மாதிரி சட்டென்று நின்றும்விடும். பறவைக்கு முன்னால் ஓட வேண்டிய பேரல், ட்ரிகர் இழுக்கும் நேரத்தில் நின்றுபோனால் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) முழுக்கப் பின்னால் போகும். ஃபெசண்ட் சேவலில் இது இன்னும் மோசம். அதன் நீளத்தில் ஏறக்குறைய பாதி வால்தான். கண் மொத்தப் பறவையையும் பார்க்கும், துப்பாக்கி நடுவில் நிற்கும், அந்த நடு என்பது வாலின் அடி. நாலு இறகு உதிரும், சேவல் கூவிக்கொண்டே போய்விடும்.

அப்புறம் உதை. அதே தோட்டாவை 8 பவுண்டுக்குப் பதில் 6 பவுண்டு துப்பாக்கியில் போட்டால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். முதல் குண்டில் தெரியாது. இரண்டாவது குண்டுக்குப் பேரல் திரும்ப இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில் தெரியும்.

நான் யாருக்கும் சொல்வது ஒரே விஷயம்தான்: ஒரு தோட்டா செலவழிக்க எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று பாருங்கள். நெவாடா மலைச்சரிவில் சக்கர் தேடுகிறவர் காலை முழுக்க ஏறி இறங்கி இரண்டு மூன்று முறைதான் சுடுவார். அவருக்கு ஒவ்வொரு அவுன்ஸும் பாரம், 5 பவுண்டு துப்பாக்கி அவருக்குச் சரி. உங்களுக்கு தெற்கு டகோட்டா. தரை தட்டை, நடை இருக்கிறது, சுடவும் வாய்ப்பு இருக்கிறது. 20 கேஜ் என்றால் 6 முதல் 6½ பவுண்டு, 12 கேஜ் என்றால் 6½ முதல் 7. இதற்குக் கீழே போகாதீர்கள். 8 பவுண்டிலிருந்து 6½ பவுண்டுக்கு வருவதே ஏறக்குறைய 700 கிராம் குறைவு, சாயங்காலம் கை சொல்லும்.

ஆஸ்டினிலிருந்து: சார், கேஸ் என்கிறார்கள், இனர்ஷியா என்கிறார்கள். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வீடியோவில் வேறு சொல்கிறார்கள். எது?

இரண்டும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பதில் தானே வரும்.

கேஸ் வகையில் பேரலின் அடிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். வெடித்த வாயுவில் கொஞ்சம் அதன் வழியே இறங்கி, மேகசின் குழாயை (தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) சுற்றியுள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் உறுப்பு) தள்ளும், காலித் தோட்டா வெளியே, புதுசு உள்ளே. உதை நீண்டு பரவுவதால் தோளுக்கு மென்மை. ஆனால் முன்கட்டைக்குள் (பேரலுக்குக் கீழே கை பிடிக்கும் கட்டை) கரி சேரும், அந்த உறுப்புகளின் எடையும் முன்னால் இருக்கும். முன்னால் எடை இருப்பது குறை இல்லை, பேரல் நிற்காமல் ஓட அது உதவும். 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையில் பேர்பெற்றது. இப்போது பெரெட்டா ஏ400 வரிசை.

இனர்ஷியா வகையில் வாயுவுக்கு வேலையே இல்லை. போல்ட்டுக்குள் ஒரு தடித்த ஸ்பிரிங். சுட்டதும் துப்பாக்கி பின்னால் போகிறது, போல்ட்டின் உடல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, நடுவில் ஸ்பிரிங் நசுங்குகிறது. அது விரியும் வேகத்தில் போல்ட் பின்னால் பறக்கிறது. உறுப்பு குறைவு, எடை குறைவு, கரி எல்லாம் பேரல் வழியே போய்விடும். பெனெல்லி இதில்தான் பெயர் வாங்கியது. அதே குடும்பத்து ஃபிராங்கி அஃபினிட்டியும் இதே முறை, விலை குறைவு. குறை என்னவென்றால் உதை அப்படியே தோளுக்கு வரும், துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதால் மிக மெல்லிய தோட்டாவைப் போட்டால் சில சமயம் பாதியில் நிற்கும்.

நடந்து வேட்டையாடுகிறவருக்கு இனர்ஷியா. அதே துப்பாக்கியில் வாராவாரம் நூறு கிளே சுடப்போகிறவருக்கு கேஸ். உங்கள் தோளில் பழைய காயம் இருந்தாலும் கேஸ்தான்.

சியாட்டிலிலிருந்து: இவ்வளவு இலேசான துப்பாக்கியில் அலுமினியம்தானே இருக்கும்? வெடித்துவிடாதா?

பயம் வேண்டாம். போல்ட்டின் தலை பூட்டிக்கொள்வது பேரலின் பின்நீட்சியில், அது எஃகு. வெடிப்பின் அழுத்தம் முழுவதும் எஃகுக்கும் எஃகுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. வெளியே தெரியும் அலுமினியப் பெட்டி உறுப்புகளைத் தாங்கும் கூடு மட்டுமே.

நியூ ஜெர்சியிலிருந்து: பெயர் சொல்லிப் பேசுங்கள் சார். எந்த மாடல்?

பெனெல்லி அல்ட்ரா லைட் 20 கேஜ் 5 பவுண்டுக்குச் சற்று மேல், 12 கேஜ் 6 பவுண்டு அளவு. மலையேறிகளுக்கு. பெனெல்லி மாண்டிஃபெல்ட்ரோ அதைவிடக் கொஞ்சம் கனம், கையில் இன்னும் நிதானம். ஃபிராங்கி அஃபினிட்டி 20 கேஜ் 6 பவுண்டை ஒட்டி வரும். காசுக்குக் கணக்குப் பார்க்கிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரௌனிங் ஏ5 ஸ்வீட் சிக்ஸ்டீன் 16 கேஜ், 6 பவுண்டுக்குச் சற்றுக் கீழே. கையில் எடுத்தால் வைக்க மனசு வராது, ஆனால் 16 கேஜ் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. அக்டோபரில் ஏதோ ஒரு சின்ன ஊரில் தோட்டா தீர்ந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

டெட்ராய்ட்டிலிருந்து: அண்ணே, எந்த கேஜ்? எந்த நம்பர் ரவை? மிச்சிகன் வடக்கே குரோஸ், நவம்பரில் ஃபெசண்ட், இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும்.

20 கேஜ், 3 அங்குல அறை (தோட்டா உட்காரும் இடம்), 26 அங்குல பேரல். ரவையின் நம்பர் கூடக்கூட ரவை சிறிது. குரோஸ் ஆஸ்பென் மரக்கன்றுகள் நெருக்கமாய் நிற்கும் இடத்தில் கிளம்பும். இறக்கைச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் பாதி போய்விடும். தூரம் 20 கெஜத்துக்குள் இருக்கும், சோக் (பேரல் நுனியின் குறுக்கம்) எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. சிலிண்டர் அல்லது ஸ்கீட், ரவை 7½ அல்லது 8, எடை ⅞ அவுன்ஸ். ஃபெசண்டுக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர் அல்லது மாடிஃபைடு, ரவை 5 அல்லது 6, 1 அவுன்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல். சேவலின் இறகும் எலும்பும் தடிமன், சின்ன ரவையில் காயப்பட்டு ஓடிவிடும். ஓடினால் நாய் இல்லாமல் கிடைக்காது.

28 கேஜ் காடைக்கு அருமை, ¾ அவுன்ஸ் போதும். ஒரே துப்பாக்கி என்கிறவருக்கு வேண்டாம்.

இன்னொன்று. குரோஸ் தேடிப் போகும் அதே காட்டில் உட்காக்கும் கிளம்பும். அது வலசைப் பறவை, அதைச் சுடுவதென்றால் கூட்டாட்சி விதிப்படி மேகசினில் இரண்டு, அறையில் ஒன்று, மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. மேகசினில் அடைப்புக் குச்சி போட்டே வையுங்கள். எனக்குத் தெரிந்து மூன்றாவது தோட்டாவில் விழுந்த குரோஸ் மிகக் குறைவு, நாலாவதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சிகாகோவிலிருந்து: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா? ஒருவர் முடியாது என்கிறார், இன்னொருவர் வாங்கியே விட்டார்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதில் ஒரு விலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கடையில் 4473 படிவம் நிரப்பும்போது அதைக் காட்ட வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. லைசென்ஸ் வாங்கும் நாளுக்கு மட்டும் இல்லை. துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும் காலம் முழுக்க அது உயிரோடு இருக்க வேண்டும். மார்ச்சில் லைசென்ஸ் முடிந்து, செப்டம்பரில்தான் புதுப்பித்தீர்கள் என்றால் நடுவில் அலமாரியில் சும்மா இருந்த துப்பாக்கியும் குற்றம். நண்பருடையதைக் கையில் வாங்கிச் சுட்டாலும் இதே சட்டம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் வேறு. இல்லினாயில் தனி அடையாள அட்டையும் வேண்டும். விசா சம்பந்தப்பட்டது, ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

லைசென்ஸுக்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி. மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கும், மினசோட்டாவில் 1979-க்குப் பின் பிறந்தவர்களுக்கும் கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள்.

டென்வரிலிருந்து: என் உயரம் 5 அடி 1. கணவரின் துப்பாக்கி எனக்குக் கைக்கு வருவதே இல்லை. இலேசானது வாங்கினால் சரியாகுமா?

சகோதரி, உங்கள் சிக்கல் எடை இல்லை, நீளம். பொதுவாக வரும் கட்டை ட்ரிகரிலிருந்து பின்முனை வரை 14¼ அங்குலத்துக்கு மேல். உங்களுக்கு 13 அல்லது அதற்கும் கீழே தேவைப்படலாம். நீளமான கட்டையைக் கைக்குள் கொண்டுவர எல்லோரும் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். அங்கேயே குறி போச்சு.

கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். துப்பாக்கி காலி என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்துக்கொண்ட பிறகு, சுவரின் ஒரு மூலையைப் பாருங்கள், கண்ணை மூடுங்கள், தோளுக்கு ஏற்றுங்கள், கன்னத்தைக் கட்டையில் வையுங்கள், பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். பேரல் நுனியில் உள்ள குறிமணி மட்டும் தெரிந்து, பேரலின் மேல்பட்டை லேசாகத் தெரிந்தால் சரி. பட்டை நிறையத் தெரிந்தால் மேலே சுடுவீர்கள், போல்ட்டின் முதுகு கண்ணை மறைத்தால் கீழே. கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் போடும் மெல்லிய ஷிம் தகடுகள் நல்ல துப்பாக்கிகளோடேயே வரும். ஏற்ற இறக்கத்தையும் இடவலச் சாய்வையும் அதில் திருத்தலாம். குறு நீளக் கட்டையோடு வரும் காம்பாக்ட் மாடல்களைக் கேளுங்கள். சரியாகப் பொருந்துகிற 6½ பவுண்டு, பொருந்தாத 5½ பவுண்டைவிட இலேசாகவே தோன்றும்.

பாய்சியிலிருந்து: பறவை கிளம்பியது, தோளுக்கு ஏற்றினேன், ட்ரிகர் இழுத்தால் "டிக்". குண்டு உள்ளே இருந்தது. துப்பாக்கி ரிப்பேரா?

இனர்ஷியா வகைதானே? ரிப்பேர் இருக்காது. போல்ட்டின் தலை முழுதாகத் திரும்பினால்தான் பூட்டு விழும். புதரில் நடக்கும்போது போல்ட்டின் கைப்பிடி ஒரு கிளையில் மாட்டி நூலளவு பின்னால் போயிருக்கும், இல்லையென்றால் சத்தம் வேண்டாமென்று போல்ட்டைக் கையால் மெதுவாக மூடியிருப்பீர்கள். திரும்பி வரும்போது வேகம் இல்லாமல் தலை பாதித் திருப்பத்தில் நின்றுவிடும். மூடும்போது பொத்தானை அழுத்தி, முழு வேகத்தில் அறையட்டும். நடையில் அவ்வப்போது வலது உள்ளங்கையால் கைப்பிடியை முன்னால் ஒரு தள்ளு தள்ளுங்கள். புது மாடல்கள் சிலவற்றில் இதற்குத் திருத்தம் வந்துவிட்டது.

குளிர்காலத்தில் எண்ணெயைக் குறையுங்கள். கெட்டி எண்ணெய் உறைந்தால் எந்த வகையும் மந்தமாகும்.

பஃபலோவிலிருந்து: பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய பிரௌனிங் ஆட்டோ 5, 16 கேஜ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ஜான் பிரௌனிங் 1900-இல் காப்புரிமை வாங்கிய வடிவம், முதுகில் கூன் விழுந்த மாதிரி இருக்கும். மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் அறையை அளக்கக் கொடுங்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய 16 கேஜ்களில் அறை 2⁹⁄₁₆ அங்குலம், இன்றைய தோட்டா 2¾. உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து.

முன்கட்டையைக் கழற்றினால் உராய்வு வளையங்கள் இருக்கும். மெல்லிய தோட்டாவுக்கு ஒரு வரிசை, கனமானதற்கு வேறு வரிசை. மாற்றிப் போட்டால் ஒன்று காலித் தோட்டா வெளியே வராது, இல்லையென்றால் உள்ளே எஃகும் எஃகும் மோதிக் கட்டை பிளக்கும். பெல்ஜியத்தில் செய்த இதன் பழைய பேரலில் எஃகு ரவை போடவே கூடாது.

ஃபிரெஸ்னோவிலிருந்து: எஃகு ரவை எங்கெல்லாம் கட்டாயம்?

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கிடையாது. தெற்கு டகோட்டாவில் மாநில கேம் புரொடக்ஷன் நிலங்களிலும், கூட்டாட்சியின் வாட்டர்ஃபவுல் புரொடக்ஷன் நிலங்களிலும் ஃபெசண்டுக்கும் ஈயம் கூடாது. எஃகு ஈயத்தைவிட இலேசு, ஆகவே இரண்டு நம்பர் பெரிய ரவை எடுங்கள்: ஈயத்தில் 5 என்றால் எஃகில் 3. சோக்கை ஒரு படி திறந்து வையுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: வேலி தாண்டும்போது சேஃப்டி போட்டால் போதுமா?

போதாது. இரட்டைக் குழல்காரர் முறித்துத் திறந்து காட்டுவார், பக்கத்தில் நிற்கிறவருக்கு நிம்மதி. செமி ஆட்டோவில் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை சுட்டதும் அடுத்தது தானாக ஏறிவிட்டது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். வேலி வந்தால் தோட்டாக்களை எடுத்து, போல்ட்டைத் திறந்து நிறுத்தி, அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். தாழப் பறக்கும் பறவைக்குச் சுடவே வேண்டாம். பறவைக்குக் கீழே வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கே நாய் இருக்கும்.

அட்லாண்டாவிலிருந்து: ஊருக்குக் கொண்டுபோய் கௌதாரி சுட முடியுமா?

முடியாது. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அது குற்றம்.

பாஸ்டனிலிருந்து: விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் லக்கேஜாக. கவுண்டரிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தோட்டாக்கள் அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். தோட்டா எவ்வளவு எடை வரை அனுமதி என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வரம்பு, பல இடங்களில் 11 பவுண்டு. செமி ஆட்டோவில் பேரல் கழன்றுவிடும் என்பதால் சிறிய பெட்டியே போதும். முன்கட்டை மூடித் திருகை மட்டும் பேரலை எடுத்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள், தனியாகப் பையில் போட்டால் போய்ச் சேரும் இடத்தில் தேட வேண்டியிருக்கும்.