மெக்சிகன் கடலுணவுக் கடையில் எந்த ஒயின் வாங்கலாம்?

சாதாரணமான ஒரு மெக்சிகன் கடலுணவுக் கடைக்குப் போகிறோம், எல்லோரும் பியர் சொல்வார்கள், எனக்கு ஒயின்தான் பிடிக்கும், என்ன சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மீனை வைத்து முடிவு செய்யாதீர்கள். தட்டில் எலுமிச்சை எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று பாருங்கள். நான் அமெரிக்காவில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் டியாகோவில் வசிக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தகைய கடைகளில் சாப்பிடுவது வழக்கம். இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

அகுவாச்சிலேயை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் சினலோவா மாநிலத்து உணவு. பச்சை இறாலை முதுகில் கீறி விரித்து, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், கொத்தமல்லி அரைத்த தண்ணீரை மேலே ஊற்றி, வெள்ளரியும் சிவப்பு வெங்காயமும் தூவி உடனே கொண்டுவந்து வைப்பார்கள். வரும்போது இறால் சாம்பல் நிறத்தில் பாதி ஒளி ஊடுருவும்படி இருக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓரம் வெளுத்து, வெண்மை மெல்ல உள்ளே ஏறும். அவ்வளவு புளிப்பு! அங்கே பிழிவதும் நம் நாட்டு எலுமிச்சை இனம்தான். லட்டு தின்ற வாய்க்கு டீ சப்பென்று இருப்பதுபோல, இந்தப் புளிப்பு பட்ட நாக்குக்குச் சாதுவான ஒயின் உயிரில்லாமல் தெரியும். எனவே ஒயினின் புளிப்பும் சளைக்காததாக இருக்க வேண்டும். ஸ்பெயினின் அல்பரீன்யோ, போர்ச்சுகலின் வின்யோ வெர்டே, சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின்களில் எது இருந்தாலும் தைரியமாகச் சொல்லலாம். ஓக் பீப்பாயில் ஊறிய, வெண்ணெய் வாசம் வீசும் ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் மட்டும் வேண்டாம்.

அப்புறம் மிளகாய். மிளகாயின் எரிச்சலை உணர்கிற அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். அதனால் 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினோடு காரமான இறாலைச் சாப்பிட்டால் வாய் இன்னும் எரியும். சிவக்கச் சிவக்க வரும் 'கமரோனஸ் ஆ லா தியாப்லா', அதாவது காரமான மிளகாய் சாஸில் சமைத்த இறால் சொன்னால், லேசான இனிப்புள்ள ஜெர்மன் வெள்ளை ஒயினான ரீஸ்லிங் தேடுங்கள். அதில் கபினெட் என்ற லேசான வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும், அந்த இனிப்பு காரத்தையும் தணிக்கும்.

மெக்சிகோவின் துறைமுக நகரான என்செனாடா பாணி மீன் டாக்கோ (சோள ரொட்டியில் மடித்த மீன்) என்றால் குமிழி விடும் ஒயின், ஸ்பெயினின் காவா போதும். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், முட்டைக்கோஸ், மயோனைஸ் சாஸ் என்று எண்ணெய்ப்பசை நிறைய. ஒவ்வொரு மிடறும் வாயைக் கழுவிவிடும்.

சிவப்பு ஒயினைத் தவிர்க்கத்தான் சொல்வேன். ஏன்? ஜப்பானில் காய்ந்த ஸ்காலப் சிப்பிச் சதையை வெவ்வேறு ஒயின்களில் ஊறவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. ஒயினில் இரும்புச்சத்து கூடக்கூட மீன்வாடை கூடியது. இரும்பு சிவப்பில்தான் அதிகம் என்பதில்லை, வெள்ளையிலும் இருக்கலாம். ஆனால் சிவப்பில் துவர்ப்பும் சேர்வதால் சிப்பி, செவிச்சே (எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன்) பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. மெக்சிகோவின் நயாரித் மாநிலத்துப் பக்கத்து சரந்தேயாதோ, அதாவது மிளகாய் மசாலா தடவித் தணலில் சுட்ட முழு மீன், அதற்கு மட்டும் இளஞ்சிவப்பு ஒயினான ரோசே அருமையாகப் பொருந்தும்.

பட்டியலில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா மாநிலத்து ஒயின் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள் என்று மனதாரச் சொல்வேன். மெக்சிகோவின் ஒயினில் பெரும்பகுதி வருவது அங்கிருந்துதான். என்செனாடாவுக்கு அருகே இருக்கும் குவாதலூப்பே பள்ளத்தாக்கில் பகல் வெயில் கொளுத்தினாலும் பசிபிக் காற்று மாலையில் குளிர்விக்கிறது, திராட்சையின் புளிப்பு கெடாமல் நிற்கிறது. 1987-ல் தொடங்கிய மோன்தே சானிக் ஒயின் நிறுவனத்தின் வெள்ளை ஒயினான ஷெனின் கொலம்பார்ட், அதே கடலோரத்து இறாலுக்கும் மீனுக்கும் அத்தனை இயல்பாக ஒத்துப்போகும். இவ்வளவு நல்ல ஒயின் இருக்கையில் பல கடைகள் அதைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது எனக்கு வருத்தம்தான்.

சின்னக் கடையில் கோப்பைக் கணக்கில் வாங்குவதானால் பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று கூசாமல் கேளுங்கள். முந்தாநாள் திறந்தது என்றால் வேண்டாம், மூவர் இருந்தால் முழு பாட்டிலாகவே வாங்கிவிடலாம். பியர் இருக்கும் குளிர்பெட்டியிலிருந்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஐஸ் வாளி கேட்டாலும் கொடுப்பார்கள். சிவப்பும் ஓக் ஷார்டொனேயும் தவிர வேறொன்றும் இல்லாத கடை என்றால், நண்பர்களோடு சேர்ந்து நீங்களும் பியரே சொல்லிவிடுங்கள்.